கடல் எந்தப் பக்கம்?

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் கூடினால் முதலில் முழங்கால், பிறகு சீனி வருத்தம், அதற்குப் பிறகு பேரப்பிள்ளைகளின் கையெழுத்து. "கோழி கிண்டினது போல எழுதுதுகள்" என்று ஒரு பெருமூச்சு. போதும், விடுங்கள். நம்முடைய சிலேட்டுகளில் மட்டும் என்ன முத்தா கோத்திருந்தோம்? எச்சில் தொட்டு அழிக்கக் கூடாது என்று பிரம்பைக் காட்டிச் சொல்வார்கள். எச்சில் தொட்டுத்தானே எல்லோரும் அழித்தோம். அந்தப் புளித்த வாடையும் குச்சி கீறும்போது பல் கூசுகிற அந்தச் சத்தமும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் நான் இன்றைக்குச் சொல்லப்போவது பெருமூச்சுக் கதை இல்லை. நாங்கள் வென்ற கதை. கிழவி பெருமையடிக்கிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பெருமைதான் அடிக்கிறேன்.

கல்லோயா அணைத் தண்ணீர் எங்கள் வட்டைகளுக்கு வரத் தொடங்கிய காலம் அது. வட்டை என்றால் வயல்வெளி, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மருதமுனையில் வடக்கு, தெற்கு என்று யாரும் கதைத்து நான் கேட்டதில்லை. எங்களுக்குத் திசைகள் வேறு. சூரியன் எழும்புகிற பக்கம் கடல். விழுகிற பக்கம் வட்டை. பஸ் ஏறி மேலே போனால் மட்டக்களப்பு, கீழே போனால் கல்முனை. இடது, வலது என்பதும் அப்படித்தான், புத்தகத்தில் இருந்தது, வாயில் இல்லை. சோற்றுக் கோப்பையை நகர்த்தச் சொன்னாலும் உம்மா "கடல் பக்கம் தள்ளி வை" என்பார். பேன் பார்க்கும்போது "வட்டைப் பக்கம் தலையைத் திருப்பு" என்பார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

நான் அப்போது நாலாம் வகுப்பு. தங்கச்சி அரிவரி வகுப்பு, அதுவும் இரண்டாவது வருடமாக. அரிவரியில்தான் அகரம் தொடங்கி எழுத்துகளெல்லாம் படிப்பிப்பார்கள். இன்ஸ்பெக்டர் வந்து சோதித்து, சரி என்று சொன்னால்தான் முதலாம் வகுப்புக்கு ஏற்றுவார்கள். முந்தின வருடம் அவர் தங்கச்சியின் சிலேட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

காரணம் இருந்தது. 'கடல்' என்று எழுதச் சொன்னால் அவள் 'ல்டக' என்று எழுதுவாள். 'படம்' என்றால் 'ம்டப'. எழுத்து ஒவ்வொன்றும் அச்சு மாதிரி இருக்கும், சுழி பிசகாது. வரிசை மட்டும் பின்னாலிருந்து முன்னுக்கு வரும். எங்கள் வாத்தியார் யாழ்ப்பாணத்து மனிதர். கெட்டவர் இல்லை, பொறுமைதான் ஒரு சொட்டும் கிடையாது. சிலேட்டை உயர்த்திப் பிடித்து வகுப்புக்கே வாசித்துக் காட்டுவார்.

"இல்டக! என்ன பாஷை பிள்ளை இது? உன்ரை கொப்பர் உப்பிடியே கதைக்கிறவர்?"

வகுப்பே சிரிக்கும். அன்றிலிருந்து அவளுக்கு 'இல்டக்' என்று பெயர் விழுந்துவிட்டது. தண்ணீர் குடிக்கப் போனால் இல்டக், வீட்டுக்கு வரும் வழியில் இல்டக். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து இல்டக் என்று கத்திவிட்டு ஓடுகிற ஒருத்தனை நான் துரத்திப் பிடித்து மண்ணில் புரட்டியிருக்கிறேன். அதற்கு எனக்குக் கிடைத்த அடியும் பெறுமதியான அடிதான்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தீர்ப்பு. வாத்தியார் 'மந்தம்' என்று சொல்லியனுப்பினார். மாமி, வாப்பாவின் ராத்தா, "கண்ணூறுதான் புள்ள, வேறென்ன? இவ்வளவு முடியும் இவ்வளவு கண்ணும் இரிந்தா கண் படாம என்ன செய்யும்?" என்று சொல்லி, ஓதின தண்ணீரைக் கொண்டுவந்து காலையும் மாலையும் குடிக்க வைத்தார். தங்கச்சியும் மறுக்காமல் குடித்தாள். தண்ணீரால் அவளுக்குத் தாகம் தீர்ந்தது, அவ்வளவுதான்.

வாப்பா தீர்ப்பே சொல்லவில்லை, தண்டனையைச் சொல்லிவிட்டார். வீட்டு முன்னறையில் எங்கள் தறி. கஞ்சிப் பசை வாடையும் நாடா ஓடுகிற சத்தமும் அந்த அறையை விட்டுப் போனதே இல்லை. ஒரு நாள் பின்னேரம் நாடாவை நிறுத்திவிட்டு உம்மாவிடம் சொன்னார்.

"இந்த முறையும் இன்ஸ்பெக்டர் ஏத்தல்ல எண்டா சின்னவ படிச்சது போதும். இஞ்ச நூல் சுத்த ஆளில்ல."

"அப்ப மூத்தவ?" என்று உம்மா கேட்டார்.

"தனியப் பொட்டப் புள்ளய ரோட்டால விடுறதா? ரெண்டு பேரும் சேர்ந்து போனா போகலாம். இல்லாட்டி ரெண்டு பேரும் நிக்கட்டும்."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்பில் நான்தான் முதலாவது பிள்ளை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வாத்தியாரின் மேசையில் உலகப் படம் ஒன்று உருட்டிக் கிடக்கும். ஐந்தாம் வகுப்புக்குப் போனால்தான் அதை விரித்துக் காட்டுவார். அதைப் பார்க்காமலே நான் நூல் சுற்றப் போகிறேனா? அன்றைக்கே முடிவெடுத்தேன். ஓதின தண்ணீரும் வேண்டாம், பிரம்பும் வேண்டாம், இவளை நான் எழுத வைக்கிறேன்.

முதல் நாளே அதிசயம். வீட்டில், அடுப்படி வாசலில் என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு அவள் 'கடல்' என்று எழுதினாள். சரியாக எழுதினாள்! 'படம்' எழுதினாள், அதுவும் சரி. நான் உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பழையபடி 'ல்டக'. வாத்தியார் கொதித்துப் போனார். வீட்டில் எழுதுகிறவள் இங்கே எழுதாவிட்டால் அது மந்தமில்லை, குறும்பு என்றார். குறும்புக்கு அடி கூடுதல். அந்தச் சின்ன உள்ளங்கை சிவந்து கிடந்ததைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. "ராத்தா, நான் ரெண்டு இடத்திலயும் ஒரே மாதிரித்தானே எழுதுறேன்?" என்று கேட்டாள். மெய்யாகவே அவளுக்கு விளங்கவில்லை.

எனக்கும் விளங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லாத நாள், இரண்டு பேரும் அடுப்படி வாசலில் இருந்தோம். தமிழ் எழுதி அலுத்துப்போய், "சரி, அரபெழுத்து எழுது பார்ப்போம்" என்றேன். குர்ஆன் ஓதப் படிப்பிக்கிற லெவ்வையிடம் போகிற பிள்ளைதானே. அவரிடம் மரப்பலகையில், கருக்கின அரிசியில் காய்ச்சிய மையால் எழுதுவோம். பலகை அவர் வீட்டை விட்டு வெளியே வராது. அதனால் அவள் வீட்டில் அரபெழுத்து எழுதி யாரும் பார்த்ததில்லை.

அவள் எழுதினாள். அலிஃப், பே, தே. அலிஃப் இடது கைப் பக்கம் நின்றது! அரபு வலப்பக்கமிருந்து வருமென்று ஓதுகிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும். தமிழை ஒழுங்காக எழுதிய அதே வாசலில், அரபைத் தலைகீழாக எழுதியிருந்தாள்.

"என்னடி இது? லெவ்வைக்கிட்டயும் இப்படியா எழுதுற?"

"இல்லியே. அவரு சொன்ன மாதிரித்தான் எழுதுறேன். கடலால தொடங்கி வட்டைக்கு."

"என்னது?"

"லெவ்வை அப்படித்தானே சொல்லித் தந்தாரு. மீனு கடலால வந்துதான் ஊருக்குள்ள போகும், எழுத்தும் அப்படித்தான் எண்டு."

நான் எழும்பி நின்றுவிட்டேன். லெவ்வையின் கொட்டிலில் நாங்கள் மட்டக்களப்பைப் பார்த்து இருப்போம். கடல் வலது கைப் பக்கம். கடலில் தொடங்கினால் அரபு சரியாக வரும். பள்ளிக்கூடத்திலும் கரும்பலகை மட்டக்களப்புப் பக்கச் சுவரில். அங்கேயும் கடல் வலது கைப் பக்கம், தமிழ் தலைகீழாகிவிடும். எங்கள் அடுப்படி வாசலோ கல்முனையைப் பார்த்தது. கடல் இடது கைப் பக்கம் வந்துவிடும். தமிழ் சரி, அரபு பிழை. பிள்ளை பிழையே செய்யவில்லை! எல்லா இடத்திலும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்கினாள், கடலிலிருந்து. நாங்கள்தான் அவளைத் திருப்பித் திருப்பி இருத்திக்கொண்டிருந்தோம்.

"என்ட ரப்பே!" என்று நான் கத்திய கத்தலில் உம்மா அகப்பையோடு ஓடிவந்தார்.

கண்டுபிடித்தது சுகம், திருத்துவதுதான் பாடு. "கடலை மறந்திரு. தமிழுக்குச் சோத்துக் கைக்கு மத்தப் பக்கம், அரபுக்குச் சோத்துக் கைப் பக்கம்" என்று படிப்பித்தேன். அவள் யோசித்தாள்.

"சோத்துக் கையாலதானே ராத்தா எழுதுறேன்? அது அங்கிட்டும் போகுது, இங்கிட்டும் போகுது. கடல் மட்டுந்தான் ஒரே இடத்தில நிக்குது."

சிலேட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

வாத்தியாரிடம் போனேன். தங்கச்சியை மட்டும் மற்றப் பக்கம் பார்த்து இருத்தினால் சரியாக எழுதுவாள் என்று சொன்னேன். அவர் மூக்குப்பொடி டப்பாவை மூடினார்.

"எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தே அவ படிக்கப்போறா? உன்ரை தங்கச்சிக்காகப் பள்ளிக்கூடத்தைத் திருப்பி வைக்கிறதோ? போ பிள்ளை, போய் உன்ரை கணக்கைப் பார்."

பாவம், அவருடைய ஊரில் எந்தப் பக்கம் போனாலும் கடல் வரும். அதில் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வாழலாம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அப்போது அவர்மேல் வந்த கோபம் எனக்கு இப்போது இல்லை. ஆனால் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் வருகிற நாள் வந்துவிட்டது. தென்னோலைத் தோரணம், தெளித்த வெள்ளை மணல், அவருக்கென்று சீவி வைத்த இளநீர். எங்கள் பள்ளிக்கூடம் ஒரே நீள மண்டபம். இடுப்பளவு சுவர், மேலே கிடுகுக் கூரை. வகுப்புக்கு வகுப்பு மறைப்புக் கிடையாது, நாலாம் வகுப்பிலிருந்து பார்த்தால் அரிவரி தெரியும். வாத்தியார் வாப்பாவையும் வரச் சொல்லியிருந்தார். பிள்ளை தகுதியில்லை என்பதை இன்ஸ்பெக்டர் வாயாலேயே கேட்கட்டும் என்று. வாப்பா வெள்ளைச் சாரம் உடுத்து, தொப்பி போட்டு, அரைச்சுவருக்கு வெளியே நின்றார். காலையில் வீட்டிலிருந்து புறப்படும்போது நூல் சுற்றுகிற ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். அதை நான் பார்த்தேன்.

வழியில் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொல்லியிருந்தேன். "எழுதச் சொன்ன உடனே அடுப்படி வாசலில இரிக்கிற மாதிரி திரும்பி இரு. யாரு என்ன கத்தினாலும் எழுதி முடிச்சிட்டுத்தான் எழும்பணும்."

இன்ஸ்பெக்டர் உயரமான மனிதர், மட்டக்களப்புக்காரர். சாந்தமான குரலில், "கடல் எண்டு எழுதுங்க பிள்ளைகள். பிறகு படகு. பிறகு வயல்" என்றார்.

எல்லாத் தலைகளும் குனிந்தன. ஒரு தலை மட்டும் எழும்பியது. தங்கச்சி சிலேட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து, அப்படியே திரும்பி, இன்ஸ்பெக்டருக்கு முழு முதுகையும் காட்டிக்கொண்டு மணலில் குந்தினாள்.

அந்தக் காலத்தில் ஒரு துரைக்குப் பின்பக்கத்தைக் காட்டுவதென்றால் சும்மாவா? வாப்பா கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். வாத்தியாரின் முகம் செங்கல்லானது.

"பிள்ளை! இங்காலை திரும்பு! எழும்பு!"

அவள் அசையவில்லை. குச்சி கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. வாத்தியார் பிரம்போடு இரண்டடி வைத்தார். இன்ஸ்பெக்டர் கையை நீட்டி அவரை மறித்தார். தானே சுற்றிப் போய் அவள் முன்னால் நின்று, அவள் எழுதி முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிலேட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"கடல்," என்று வாசித்தார். "படகு. வயல்."

வாசித்துவிட்டு வாத்தியாரைப் பார்த்தார். "நல்ல எழுத்து. என்னத்துக்கு இந்தப் பிள்ளையை இன்னும் அரிவரியில வச்சிருக்கிறீங்க?"

"இல்லை ஐயா, நேர இருந்து எழுதச் சொல்லிப் பாருங்கோ," என்றார் வாத்தியார். அதுவும் நியாயம்தானே.

இன்ஸ்பெக்டர் அவளைக் கரும்பலகைப் பக்கம் திருப்பி இருத்தினார். அவள் எழுதினாள். ல்டக. பின்வரிசையில் ஒருவன் 'இல்டக்' என்று கிசுகிசுத்தான், சிரிப்புப் பரவியது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. முழங்காலை மடித்துக் கீழே இருந்தார்.

"ஏன் மகள், அப்ப அப்படி எழுதினீங்க, இப்ப இப்படி எழுதுறீங்க?"

தங்கச்சி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். இவ்வளவு பெரிய மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல. கையை நீட்டி அரைச்சுவருக்கு அப்பால் காட்டினாள்.

"கடல் இந்தப் பக்கம் இரிக்கு, சேர்."

அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. நாலாம் வகுப்பு வாங்குப் பலகையிலிருந்து எழும்பினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. லெவ்வை, மீன், மட்டக்களப்பு, கல்முனை, அடுப்படி வாசல், அலிஃப், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். வாப்பா வெளியே நிற்கிறார் என்பதுகூட மறந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் கேட்டு முடித்தார். ஒரு நிமிடம் தலையைச் சொறிந்தார். பிறகு, "மந்தமான பிள்ளைகள் எண்டு வேற யாரும் இரிக்காங்களா?" என்று கேட்டார். இருந்தார்கள், கடைசி வரிசையில் தனியாக. அவர்களையும் திரும்பி இருத்தி எழுதச் சொன்னார். ஒருத்தி எழுதினாள்: கடல். இன்னொருவன் எழுதினான்: கடல். அடுத்தவளும் கடல்! ஒருவன் மட்டும் மீன் ஒன்று கீறி வைத்திருந்தான். அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் மீன்தான் கீறினான். பிறகு நல்ல தோணிக்காரனானான், அது வேறு கதை.

வாத்தியார் அந்தச் சிலேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நான் அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் பிரம்பைச் சுவரில் சாத்திவிட்டு, கரும்பலகையைத் தானே தோளில் தூக்கினார். மண்டபத்தின் மறுமுனையில், கல்முனைப் பக்கத்தில், கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சாத்தினார். அரிவரி முழுவதும் எழும்பித் திரும்பி இருந்தது. சட்டையில் சுண்ணாம்பு அப்பியிருக்க, யாழ்ப்பாணத்துக் குரலில் அவர் சொன்னதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

"கடலிலை இருந்து தொடங்குங்கோ பிள்ளையள்!"

அதன்பிறகு அந்தக் கதவால் ஆடுகள் உள்ளே வந்து வகுப்பைக் குழப்பியது உண்மை. யாரும் குறை சொல்லவில்லை. தங்கச்சி முதலாம் வகுப்புக்கு ஏறினாள். நான் ஐந்துக்கு ஏறி உலகப் படத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா தறிக்குப் போய் நீலச் சாயமிட்ட நூலில் ஒரு முழம் வெட்டினார். தங்கச்சியை மடியில் இருத்தி, அவளுடைய இடது மணிக்கட்டில் கட்டினார்.

"இந்தா. இதுதான் கடல். இனி எந்தப் பக்கம் திரும்பி இரிந்தாலும் இது உன்னோடதான் வரும். தமிழுக்கு இதால தொடங்கு. ஓதுறதுக்கு மத்தக் கையால தொடங்கு. விளங்கிச்சா?"

அவள் கையைத் தூக்கிப் பார்த்தாள். மட்டக்களப்பைப் பார்த்துத் திரும்பினாள், கல்முனையைப் பார்த்துத் திரும்பினாள். கடல் கூடவே திரும்பியது. "ஓம் வாப்பா!" என்று அவள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்தேன், உம்மாவும் சிரித்தார். ராட்டினத்துக்குப் போட்ட எண்ணெய் காய்ந்து போயிற்று. மாமி நூலைக் கண்டுவிட்டு, "அதானே, கண்ணூறுக்குக் கட்டாம எப்படி?" என்று திருப்திப்பட்டார். நாங்கள் திருத்தவில்லை. அடுத்த கிழமை அரிவரியில் பாதிப் பிள்ளைகளின் கையில் நீல நூல்.

அந்த மண்டபத்தைப் பிறகு, எங்கள் தலை நரைத்த காலத்தில், கடலே ஒரு காலையில் சுனாமியாக வந்து எடுத்துக்கொண்டது. அதைப் பற்றி இங்கே அழமாட்டேன், அழுததெல்லாம் அழுதாயிற்று.

தங்கச்சி வளர்ந்து, ஆசிரியர் கலாசாலைக்கான சோதனை எழுத வாப்பாவோடு கொழும்புக்குப் போனாள். நூல் அறுந்து எத்தனையோ வருடம். திரும்பி வந்தவளிடம் எல்லோரும் கொழும்பைப் பற்றிக் கேட்டார்கள். அவள் என்னைத்தான் அடுப்படி வாசலுக்கு இழுத்துப் போனாள்.

"ராத்தா, அங்க கடல் பிழையான பக்கத்தில இரிக்குகா! சூரியன் விழுற பக்கம்!"

"அல்லாஹ்வே, மறுகா என்ன செய்தாய்?"

"என்னத்தச் செய்யிற? கையைப் பார்த்தேன். எழுதினேன்."

எங்கள் ஊரில் 'கடல் டீச்சர்' என்றால் இன்றைக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இல்டக் என்று கத்திவிட்டு ஓடியவன் தன் பிள்ளைகளையும் அவளிடம்தான் கொண்டுவந்து சேர்த்தான். அரிவரியின் முதல் நாள் அவள் சிலேட்டையும் தொடமாட்டாள், குச்சியையும் தொடமாட்டாள். அழுகிற பிள்ளைகளுக்கு நடுவில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"கடல் எந்தப் பக்கம் புள்ளைகள்?"

அழுகை நின்றுவிடும். எல்லாக் கைகளும் ஒன்றாக நீளும். அதில் ஒரு கையாவது பிழையாகக் காட்டியதை நான் பார்த்ததில்லை.